கார் இல்லாமலும் போகலாம்
'கார் இல்லாமல் காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களைப் பார்க்கவே முடியாது' என்று இங்கிலாந்தின் அந்தப் பகுதி பற்றிய உங்கள் பயணக் கட்டுரையில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. நானும் மனைவியும் ரயில், பஸ்ஸில்தான் போய் வந்தோம். லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் மோர்ட்டன்-இன்-மார்ஷ்; அங்கிருந்து போர்ட்டன்-ஆன்-தி-வாட்டருக்கு பஸ். அப்புறம் நடைதான். அங்கிருந்து லோயர் ஸ்லாட்டர் கிராமம் சுமார் 2 கி.மீ., வயலோரப் பாதையில் மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்தே போய்விடலாம். தனியார் நிலம் என்று தயங்க வேண்டாம், பொதுப்பாதையில் நடக்கச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் ஆடு மேயும் இடத்தில் கேட்டைத் திறந்தால் மறக்காமல் சாத்துங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் அந்த கேட் பக்கம்தான் சேறு அதிகம், நல்ல ஷூ அவசியம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பஸ் குறைவு. சாப்பாட்டையும் 2 மணிக்குள் முடித்துவிடுங்கள். சாப்பாடும் தரும் கிராமத்து மதுக்கடைகளான பப்கள் பலவற்றில் அதன்பின் அடுப்பை அணைத்துவிட்டு மாலையில்தான் மறுபடி சமைப்பார்கள்.