கதை தேவையில்லை என்றால் அந்தக் கத்திகள் எதற்கு?

பல பாகங்களாக வரும் வீடியோ கேம்களில் கதை வெறும் ஊறுகாய், சண்டைக்காகத்தான் வாங்குகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். காட் ஆஃப் வார் கேம் விஷயத்தில் அது செல்லாது. 2018இல் வந்த பாகத்தில், நோயில் கிடக்கும் மகனைக் காப்பாற்ற, நாயகன் க்ரேட்டோஸ் வீட்டுத் தரைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பழைய சங்கிலிக் கத்திகளை எடுப்பான். சொந்த மனைவியையும் மகளையும் அவன் கொன்ற கத்திகள். 2005 பாகத்தை விளையாடியவர்களுக்கு அது தெரியும். கோத்தகிரி மழையில் கரண்ட் இருக்கும்போது மட்டும் விளையாடிக்கொண்டிருந்த நான் அந்த இடத்தில் கன்ட்ரோலரை வைத்துவிட்டேன். பழைய கதை தெரியாத சித்தப்பா பையனோ, "கத்தி எடுக்க இவ்வளவு நேரமாண்ணே?" என்றான். கட்சீன்களை, அதாவது நடுவில் வரும் கதைக் காட்சிகளை, ஸ்கிப் செய்வேன் என்கிறவர்களுக்கு: முதல் பாகத்தில் சரி, அப்புறம் வருபவற்றில் பாதி விளையாட்டே போய்விடும். 2022இல் வந்த அடுத்த பாகமான ராக்னராக்கில் பேச்சு கொஞ்சம் அதிகம்தான், அதை மறுக்கவில்லை.