எல் என்ற ஒரே ஒரு எழுத்து

தங்கையின் படிப்புக்காக வாங்கிய பழைய லேப்டாப். செலரான் என்3060 பிராசசர், 4 ஜிபி ராம். பிரவுசரில் நாலு பக்கம் திறந்தாலே மூச்சு வாங்குகிறது. பிராசசரை மாற்றலாம் என்று பார்த்தால், அதை போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். 2013 வாக்கில் வந்த இன்டெல் நாலாம் தலைமுறை லேப்டாப்கள் பலவற்றில் சாக்கெட் இருந்தது. கழற்றி வேறு போடலாம். இப்போது மெலிசாக இருக்க வேண்டுமாம். யார் கேட்டார்கள்?

சரி, ராமையாவது கூட்டலாம். இருப்பது ஒரே ஸ்லாட், அதிகபட்சம் 8 ஜிபி. கோத்தகிரியில் கிடைக்கவில்லை. மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோயம்புத்தூர் பஸ். “டிடிஆர்3 வகை ராம்தானே தம்பி, எல்லாம் ஒண்ணுதான்” என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு.

டார்ச் அடித்து பழைய ராம், புதிய ராம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டிடிஆர்3 என்பதை ஸ்டிக்கரில் பிசி3 என்று போடுகிறார்கள். பழையதன் ஸ்டிக்கரில் பிசி3எல், புதியதில் வெறும் பிசி3. எல் இருந்தால் 1.35 வோல்ட், இல்லாவிட்டால் 1.5. இந்த பிராசசருக்கு 1.35தான் வேண்டும். ராமின் அடி விளிம்பில் இருக்கும் வெட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பதால் தப்பானதும் உள்ளே போய்விடுகிறது. தினமும் விற்கிறவர் அந்த ஒரு எழுத்தைப் பார்த்துக் கொடுக்கக் கூடாதா?

போன் செய்தால், மாற்ற நேரில்தான் வர வேண்டுமாம். இன்னொரு நாள் லீவு, இன்னொரு முறை மலை இறங்க வேண்டும். தங்கைக்குத் திங்கட்கிழமை அசைன்மென்ட்.