சோடாவுக்கு வரி போடுங்கள், சாயத்தண்ணியை விட்டுவிடுங்கள்

உடம்பு பெருக்கிறது, சீனி வருத்தம் கூடுகிறது, அதனால் இனிப்புக்கும் பொரித்ததுக்கும் வரியைக் கூட்டு என்கிறது ஒரு கூட்டம். ஏழை வாய்க்குக் கிடைக்கிற கொஞ்ச இனிப்பையும் பிடுங்காதே என்கிறது இன்னொன்று. இரண்டு கூட்டமும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் ஒரு நாள் சாப்பிட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

என் சின்னம்மாவுக்குச் சீனி வருத்தம். மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து எடுக்கிறார். காலையில் கோதுமை மா ரொட்டி, சம்பல். மலையிலும் அதே ரொட்டி. நாளுக்கு ஐந்தாறு முறை சாயத்தண்ணி, அதாவது பால் இல்லாத தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. போத்தலில் வரும் இனிப்புச் சோடா எல்லாம் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான். ஆனாலும் ஆள் பருமன். அவர் பேத்தியோ வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஒரே அடுப்பு, ஒரே சட்டி. 2016 குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் இலங்கை முழுக்க 17 வீதமான சிறுபிள்ளைகள் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 வீதம்.

சீனிக்கே வரி போட்டால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்துவிட்டோம். 2020 ஒக்டோபரில் இறக்குமதி வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். 2023 நவம்பரில் திரும்ப 50 ரூபாய். அப்படி வரி கூடியபோது சின்னம்மா சீனிப் போத்தலில் ஒரு கரண்டிகூடக் குறைக்கவில்லை. வாரத்துக்கு வாங்கும் முட்டையைத்தான் குறைத்தார்.

சோடா வேறு கதை. 2017இல் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர வரவு செலவுத் திட்டத்தில் சீனி ஒரு கிராமுக்கு 50 சதம் என்று வரி கொண்டுவந்தார். 100 மில்லி லீட்டருக்கு 10 கிராம் சீனி உள்ள பானம் என்றால் லீட்டருக்கு 50 ரூபாய். கிராம் கணக்கில் போட்டதுதான் இதில் புத்தி. சீனியைக் குறைத்தால் கம்பெனிக்கு வரியும் குறையும். பிரித்தானியாவில் 100 மில்லி லீட்டருக்கு 5 கிராமைத் தாண்டினால் வரி என்றார்கள். 2018இல் அது நடைமுறைக்கு வருமுன்பே பல கம்பெனிகள் சீனியைக் குறைத்துவிட்டன. குடிக்கிறவனைத் திருத்தப் போகாமல் போத்தலைத் திருத்திவிட்டார்கள். நம்மவர்கள் கொஞ்ச நாளிலேயே வரியைக் குறைத்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் 2016இலிருந்தே இருக்கிறதே என்பீர்கள். 100 மில்லி லீட்டரில் சீனி 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு என்று அப்போது வைத்தார்கள். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனிடம் அந்தச் சிவப்பு வட்டம் என்னவென்று கேட்டேன். “ஸ்ட்ரோபெரி ருசி மாமா” என்றான்.

சரி, வரியை நான் ஏற்கிறேன். சோடாவுக்குப் போடுங்கள், கிராம் கணக்கில் போடுங்கள், குறைக்காதீர்கள். கடையில் நிறுத்து வாங்கும் சீனியையும் கோதுமை மாவையும் தொடாதீர்கள்; நாள் சம்பளத்தை நம்பி இருப்பவர் அதற்குப் பதிலாக வேறெதை வாங்குவார்? வரும் காசில் ஒரு பங்கு, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு முட்டையாகவும் பாலாகவும் வர வேண்டும், அதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். திறைசேரிக்குள் போன காசு தானாக மலையேறி வந்ததை நான் கண்டதில்லை.