முதியோர் இல்லம் நமக்குப் புதிதில்லை

"முதியோர் இல்லம் எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நம்ம சனத்துக்கு அவமானம்" என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இன்னும் சொல்கிறார்கள். அடியோடு தப்பு. ஆரிய யுவக் சபா என்ற சங்கத்து இளைஞர்கள் இங்கே ஆர்யன் பெனவலன்ட் ஹோமைத் தொடங்கியது 1921 மே 1-இல். நூறு வருஷம் தாண்டிவிட்டது.

அந்தக் காலக்கட்டத்தைக் கவனியுங்கள். மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ வந்தது 1860 நவம்பர் 16. 1911-இல் ஆள்சேர்ப்பு நிற்கும்வரை டர்பனை உள்ளடக்கிய நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் சுமார் 1,52,000 பேர். பெரும்பாலோர் மதராஸில் கப்பலேறியவர்கள். 1880-களில் இருபத்தைந்து வயதில் வந்தவருக்கு 1921-இல் அறுபதை ஒட்டிய வயது ஆகியிருக்கும். தனியாளாக வந்து, கரும்புத் தோட்டத்தில் உடம்பைத் தேய்த்து, ஊரோடு தொடர்பும் அறுந்துபோனவர்கள் எத்தனையோ பேர். பிள்ளை இருந்தால்தானே கைவிடுவதற்கு!

சர்க்காரும் கைகொடுக்கவில்லை. 1928-இல் வந்த முதியோர் பென்ஷன் சட்டம் வெள்ளையருக்கும் கலப்பினத்தாருக்கும் மட்டும்தான். இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் 1944-இல்தான் கிடைத்தது, அதுவும் குறைந்த தொகை. எல்லோருக்கும் ஒரே தொகை ஆனது 1993-இல். அத்தனை காலமும் அந்தப் பள்ளத்தை நிரப்பியது ஊர்ப் பணம்தான். வக்கீல் ஆர்.கே. கான் எழுதிவைத்த சொத்திலிருந்து வளர்ந்த அறக்கட்டளையின் பெயரில்தான் 1969-இல் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஆஸ்பத்திரி வந்தது. ஆகவே இல்லம் நடத்துவது நமக்கு இரவல் பழக்கம் அல்ல. நம் முன்னோர் செய்த ஆகப் பெரிய காரியங்களில் ஒன்று என்றே சொல்வேன்.

கொடுக்கும் மனசு இன்றைக்கும் குறையவில்லை. கொடுக்கும் முறையில்தான் கோளாறு. தீபாவளிக்கும் புரட்டாசி சனிக்கிழமைகளிலும் சோஜியும் வடையும் பிரியாணியும் அண்டா அண்டாவாக வரும். பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்றால் சோஜியை யார் தின்பது? மறுநாள் குப்பைக்குப் போகும். படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு நாளைக்கு நாலு டயபர் என்றாலும் மாதம் 120 வேண்டும். கையுறை, படுக்கைப்புண் மருந்து, ராத்திரி ஷிப்ட் ஆயாக்களின் சம்பளம், கரண்ட் பில் என்று கேட்டால் யாரும் முன்வருவதில்லை. பண்டிகை மாதத்தில் நிரம்பும் கையிருப்பு இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் வற்றிப்போவது இதனால்தான்.

எந்த இல்லமானாலும் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும்படி டெபிட் ஆர்டர் போடுங்கள், சிறு தொகையாக இருந்தாலும் சரி. மளிகையாகத்தான் கொடுப்பேன் என்றால் முதலில் போன் பண்ணி என்ன தீர்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வரிச்சலுகை வேண்டுமா? இல்லத்துக்கு என்.பி.ஓ. நம்பர், அதாவது லாப நோக்கற்ற அமைப்பு என்ற பதிவு எண், இருந்தால் போதும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். வருமான வரித்துறையான சார்ஸ் தனியாக வரிச்சட்டத்தின் 18ஏ பிரிவு அனுமதியைக் கொடுத்திருக்க வேண்டும், ரசீதிலும் அது இருக்க வேண்டும். 2023 மார்ச்சிலிருந்து கொடுப்பவரின் அடையாள எண்ணும், வரி எண் இருந்தால் அதுவும் ரசீதில் கட்டாயம். வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம்வரை கழித்துக்கொள்ளலாம். தனிநபர்கள் பிப்ரவரி கடைசிக்குள் கட்டினால்தான் அந்த வரியாண்டில் சேரும்.