அந்தப் புத்தகத்தை வெட்டியிருக்கக் கூடாது

ஒரு பழைய பேஸ்பால் ஸ்கோர் புத்தகத்தை ஏலத்தில் எடுத்தவர் அதைத் தாள் தாளாக வெட்டி விற்பதைப் பற்றி வருந்தி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டு மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கோபத்தில் எழுதினால் வார்த்தை தடித்துவிடும் என்று வீட்டில் சொன்னார்கள், கேட்டுக்கொண்டேன். நேற்றிரவு விற்பனைப் பட்டியலில் மேலும் பன்னிரண்டு தாள்கள் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை. எந்தப் புத்தகம், யார் ஏலத்தில் எடுத்தார், எடுத்து என்ன செய்தார் என்பதெல்லாம் என்னைத் தொடர்கிறவர்களுக்குத் தெரியும். பெயர்களை எழுதப்போவதில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: அந்த ஸ்கோர் புத்தகத்தை வெட்டியிருக்கக் கூடாது.

ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் அதை இருபது நிமிடம் என் கையில் வைத்துப் புரட்டியிருக்கிறேன். 1860களில் நியூ ஜெர்சியின் ஓர் ஊர்க் கழகம் எழுதிவைத்த பேஸ்பால் புத்தகம். தோல் முதுகு, மளிகைக் கடைப் பேரேடு போல நீண்ட தாள்கள், பழுப்பேறிய மை. ஒவ்வோர் ஆட்டமும் விரித்த இரண்டு பக்கங்களில் இருக்கும். இடப்பக்கம் தங்கள் ஒன்பது பேர், வலப்பக்கம் எதிரணி ஒன்பது பேர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டே கட்டங்கள்: எத்தனை முறை அவுட், எத்தனை ரன். அந்தக் காலத்தில் பெரும்பாலும் அவ்வளவுதான் குறித்தார்கள்.

1862 கோடை வரை ஐந்தாவது வரியில் ஒரே பெயர் வந்துகொண்டிருக்கிறது. ஆகஸ்ட்டுக்குப் பிறகு அந்தப் பெயர் இல்லை. அடுத்த மூன்று ஆட்டங்களில் எட்டுப் பேர்தான் ஆடியிருக்கிறார்கள். நான்காவது பெயருக்குப் பிறகு ஒரு வரியை வெற்றாக விட்டுவிட்டு ஆறாவது வரியில் அடுத்த பெயரை எழுதியிருக்கிறார் கணக்கெழுதியவர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. ஒரு குறிப்பும் இல்லை, ஒரு சிலுவைக் குறிகூட இல்லை. அந்த வரியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. பக்கங்களை வரிசையாகப் புரட்டியவனுக்குத்தான் அது தெரியும். தனித்தாளாகக் கையில் வாங்குகிறவர் எழுத மறந்த வரி என்று நினைத்துக்கொள்வார்.

இப்போது அது தனித்தாள்தான். தையலை அறுத்து, தாள் தாளாக வெட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து முத்திரையிட்டு விற்கிறார்கள். ஒரு தாளின் முன்பக்கம் ஓர் ஆட்டத்தின் பாதி, பின்பக்கம் அடுத்த ஆட்டத்தின் பாதி. இதைக் காசு கொடுத்து வாங்கும் எவருக்கும் ஒரு முழு ஆட்டம்கூடக் கிடைக்காது. எதிரணி எத்தனை ரன் எடுத்தது என்று தெரிய வேண்டுமென்றால் முகம் தெரியாத இன்னொருவர் வீட்டுச் சுவரில் போய்ப் பார்க்க வேண்டும்.

“அவர் காசு, அவர் பொருள்” என்று எழுதியிருக்கிறார்கள். சட்டம் அவர் பக்கம்தான், எனக்கும் தெரியும். நான் வழக்குப் போடவில்லை, வருத்தப்படுகிறேன். வருத்தப்படவும் ரசீது காட்ட வேண்டுமா?

“ஏலத்தில் தோற்றவரின் புலம்பல்” என்றும் ஒருவர் எழுதினார். ஆமாம், தோற்றேன். என் கையிருப்பு எந்த எண்ணோடு முடிந்ததோ அந்த எண்ணோடு என் கை கீழே இறங்கியது. ஒரு நூலகத்துக்கோ முழுதாக வைத்துக்கொள்ளும் ஒருவருக்கோ போயிருந்தால் அன்றே கைகொடுத்து வாழ்த்தியிருப்பேன்.

இன்னொரு வாதம் கொஞ்சம் நியாயமானது. முழுப் புத்தகம் ஒரு பணக்காரரின் பெட்டகத்துக்குள் போவதைவிட, எண்பது பேர் வீட்டில் எண்பது தாள் இருப்பது நல்லதுதானே என்கிறார்கள். நானும் சம்பளக்காரன், இந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இதே நியாயத்தைச் சொல்லித்தான் 2003இல் விளையாட்டு வீரர் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளை விற்கும் டான்ரஸ் என்ற நிறுவனம், பேஸ்பாலின் பெரும் நட்சத்திரமான பேப் ரூத் 1925இல் அணிந்த சட்டையை இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, நறுக்கி, துணுக்குத் துணுக்காக அட்டைகளில் பதித்து விற்றது. வாங்கியவர்களிடம் இன்று இருப்பது விரல்நகம் அளவு துணி. சட்டை யாரிடமும் இல்லை.

ஒன்றாக வைத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பேஸ்பால் கழகங்களின் 1857 மாநாட்டுக்காக, அந்த ஆட்டத்தின் முன்னோடிகளில் ஒருவரான டாக் ஆடம்ஸ் கைப்பட எழுதிய விதித்தாள்களைச் சொல்கிறேன். ஒன்பது இன்னிங்ஸ், ஒன்பது ஆட்டக்காரர், தளத்துக்குத் தளம் 90 அடி என்று இன்றைய பேஸ்பாலின் எலும்புக்கூடு அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. 1999இல் அவை 12,650 டாலருக்குப் போயின. 2016இல் ஏலத்தில் 32 லட்சம் டாலரைத் தாண்டின. இடையில் வைத்திருந்தவர் தாளுக்கு ஒரு விலை போட்டு விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நியூயார்க் பொது நூலகத்தில், அந்த ஊரின் ஆரம்பகால பேஸ்பால் கழகமான நிக்கர்பாக்கர் கழகத்தின் ஸ்கோர் புத்தகங்கள் இருக்கின்றன. 1846 ஆட்டம் ஒன்றில் வசைச்சொல் பேசியதற்காக ஓர் ஆட்டக்காரருக்கு ஆறு சென்ட் அபராதம் போட்டதுகூட அதில் பதிவாகியிருக்கிறது. புத்தகமாக இருப்பதால்தான் அந்த ஆறு சென்ட் பிழைத்திருக்கிறது.

“நூலகமே பத்திரம் என்கிறீர்களா?” என்று உடனே கேட்பீர்கள். இல்லை. பழைய ஆட்டக்காரரும் விளையாட்டுப் பொருள் வியாபாரியுமான ஸ்பால்டிங்கின் மனைவி 1921இல் அதே நூலகத்துக்குக் கொடுத்த சேகரிப்பிலிருந்து எத்தனையோ காணாமல் போயிருக்கின்றன. அங்கிருந்து களவுபோனவை என்ற சந்தேகத்தில், பழைய பேஸ்பால் அணித்தலைவர் ஹாரி ரைட்டுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் 2009இல் ஏலத்துக்கு வந்தபோது எஃப்பிஐ விசாரிக்கும் நிலை வந்தது. களவு வேறு, வெட்டு வேறு. களவுபோனது என்றாவது திரும்பி வரலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்டவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்கு அவர்தான் ஸ்கோர் எழுதுவார். ஆறு நோட்டுகள், பச்சை மை, ஓவர் முடிந்ததும் அடிக்கோலால் ஒரு கோடு. அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது நான் இங்கே அமெரிக்காவில் இருந்தேன். அண்ணன் ஒரு நோட்டிலிருந்து தான் 74 ரன் எடுத்த ஆட்டத்தின் தாளை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினார். மீதியைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு எடுத்துப் போனார். அண்ணன் பாசத்தில்தான் செய்தார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சட்டத்தின் முன் நின்று பார்க்கிறேன். எதிரணியின் இன்னிங்ஸ் பின்பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் பசை தடவி அட்டையில் ஒட்டிவிட்டார்கள். ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்று அண்ணனுக்கும் நினைவில்லை.

இனி என்னை நிஜமாகவே காயப்படுத்திய வரிக்கு வருகிறேன். “வெள்ளைக்காரன் விளையாட்டுக் காகிதத்துக்கு இத்தனை கண்ணீரா? நம் ஓலைச்சுவடிகள் அழிந்தபோது எங்கே போயிருந்தீர்கள்?” எழுதியவர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். நண்பா, சுவடியை நீ இழுத்ததால் கேட்கிறேன். உ.வே.சா. ஒரே நூலுக்கு இத்தனை சுவடிகளைத் தேடி ஊர் ஊராக ஏன் அலைந்தார்? ஒன்றில் நடுவில் ஏடு இருக்காது, இன்னொன்றில் முதலும் முடிவும் இருக்காது. ஏடு பிரிந்தால் நூல் போய்விடும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழில் பிறந்த எனக்கு அந்தப் புத்தகத்தின் தையல் அறுந்தது வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இங்கே சேகரிப்பாளர்கள் கூடும் சந்தைகளில் எனக்குக் கிடைக்கும் வரவேற்பு இதன் மறுபக்கம். மேசையில் ஒரு பழைய பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே தோலை நான்கு இதழாக வெட்டி, எலுமிச்சைத் தோல் போல மடித்துத் தைத்த அந்தக் காலப் பந்து. விற்பவர் அதை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, “உங்கள் ஆட்கள் கிரிக்கெட்தானே ஆடுவீர்கள்?” என்றார். ஆமாம் ஐயா, கிரிக்கெட்தான். உங்கள் ஸ்கோர் அட்டவணைக்கு வடிவம் கொடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து, இங்கே வந்து ஆரம்பத்தில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். சம்பளம் வாங்கி ஆடிய 1869 சின்சினாட்டி பேஸ்பால் அணியை நடத்திய ஹாரி ரைட், நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் செயின்ட் ஜார்ஜ் கழகத்தின் கிரிக்கெட் ஆட்டக்காரர். இதையெல்லாம் அங்கே சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில், ஹோபோக்கன் 11ஆம் தெரு முனையில் இருக்கும் பேஸ்பால் நினைவுக்கல் அருகே வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 1846இல் நிக்கர்பாக்கர் கழகம் 23-1 என்று தோற்ற இடம் அந்தப் பக்கம்தான். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஊரில் கேட்டால் அந்நியன் குப்பை, இங்கே கேட்டால் நான் அந்நியன். சரி, இருக்கட்டும்.

முதல் பன்னிரண்டு தாள்களில் ஒன்றை நான் வாங்கினேன். வெட்டியவருக்கே காசு கொடுத்தாயே என்று கேட்பவர்கள் கேட்கலாம். உங்களிடம் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட அந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருப்பது எனக்கு முக்கியம். உறையை உடைத்து வெளியே எடுத்துவிட்டேன். மேல் மூலையில் பென்சிலால் பக்க எண் போட்டிருக்கிறது, மிக மங்கலாக, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. வாங்கிய மற்றவர்களும் பாருங்கள். தாளை எனக்கு விற்க வேண்டாம். இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, எண்ணோடு அனுப்புங்கள், போதும். நான் வரிசைப்படுத்தி எல்லோருக்கும் தருகிறேன்.

என்னிடம் இருப்பது 41, 42. பக்கம் 40 யாரிடம் இருக்கிறது? 43 யாரிடம்?