நிமிடத்துக்கு 124 வார்த்தை

(சோமனூர். எட்டு விசைத்தறிகள் ஓடும் தறிக்கூடம். இங்கே கத்தினால்தான் பேசியதாகக் கணக்கு.)

மாமா: செய்தி வாசிக்கிறேன் என்று சென்னைக்குப் போனாயே மாப்பிள்ளை, என்னவாயிற்று?

மாப்பிள்ளை: நான் வாயைத் திறந்ததும் ஒலிப்பதிவு செய்கிறவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வீசிவிட்டார். "மைக் எதற்கு இருக்கிறது தம்பி?" என்கிறார்.

மாமா: தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவன் வேறு எப்படிப் பேசுவான்! அமெரிக்காவில் வால்டர் கிரான்கைட் என்று ஒருவர். 1962 முதல் 1981 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியின் மாலைச் செய்தி அவர் கையில். நிமிடத்துக்கு 124 வார்த்தைக்கு மேல் போகாமல் பேசப் பழகியவர். அப்போதுதான் கேட்பவருக்குப் புரியுமாம்.

மாப்பிள்ளை: அத்தை சீர்க்கணக்கு பேச ஆரம்பித்தால் அது அரை நிமிடத்துக்குக்கூடப் போதாதே.

மாமா: அத்தையை விடு. (உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு) முந்நூறு இருக்கும்.

மாப்பிள்ளை: ஏனுங்க மாமா, அவர் எடுத்தவுடனே டிவிக்கு வந்துவிட்டாரா?

மாமா: எங்கே! கல்லூரியைப் பாதியில் விட்டவர். கான்சாஸ் சிட்டி வானொலியில் வால்டர் வில்காக்ஸ் என்ற பெயரில் விளையாட்டு வர்ணனை செய்தார். மைதானத்தை எட்டிப் பார்க்காமல், தந்தியில் வந்த துணுக்குகளை வைத்தே முழு ஆட்டத்தையும் சொன்னதுண்டு.

மாப்பிள்ளை: நம் கல்யாணத் தரகர் பெண்ணைப் பார்க்காமலே வர்ணிப்பாரே, அதுபோல.

மாமா: ஆனால் பெரிய செய்தி வந்தபோது நின்றார் பார்! 1963 நவம்பர் 22. ஜனாதிபதி கென்னடி இறந்த செய்தியை வாசிக்கிறார். கண்ணாடியைக் கழற்றிக் கடிகாரத்தைப் பார்க்கிறார். 38 நிமிடங்களுக்கு முன் என்கிறார். கண்ணாடியை மாட்டுகிறார், எச்சிலை விழுங்குகிறார். ஒரு கத்தல் இல்லை. அழ வேண்டியவர்கள் வீட்டில் அழுதுகொண்டார்கள்.

மாப்பிள்ளை: இவ்வளவுதானே? (அத்தையின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேல்) சற்றுமுன் கிடைத்த செய்தி! கென்னடி இறந்துவிட்டார்!

(அந்த நொடியில் மின்சாரம் போகிறது. எட்டுத் தறிகளும் நிற்கின்றன. குரல் மட்டும் தெருக்கோடி வரை போகிறது.)

மாமா: கெடுத்தாயே! பக்கத்து வீட்டு ஆத்தா வாயில் அடித்துக்கொண்டு ஓடிவருகிறார்.

மாப்பிள்ளை: 1963-இல் போனவருக்கு இப்போதா?

மாமா: கருமத்தம்பட்டியில் பஞ்சர் ஒட்டுகிற கென்னடி என்று நினைத்துவிட்டார். ஆத்தாவின் சீட்டுப் பணம் முழுக்க அவரிடம்தான் இருக்கிறது!

மாப்பிள்ளை: (கண்ணாடியைக் கழற்றி) இப்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டுமா மாமா?

மாமா: வாசலைப் பார். பின்வாசலை.