டெபாசிட் போட்டவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர்

மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டில் பணம் போட்டு இழந்தவர்களெல்லாம் பேராசை பிடித்தவர்கள் என்று நிதித்துறை நிபுணர் ஒருவர் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் சொன்னார், நெறியாளரும் அதை ஆமோதித்துத் தலையசைத்தார். அந்தக் காட்சித் துணுக்கைப் பகிர்ந்து, 'சரியாகத்தானே சொல்கிறார்' என்று எழுதியவர்களில் என் நண்பர்கள் சிலரும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த மனிதர்கள் பேராசைக்காரர்கள் அல்லர்.

எந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையாவது தெரிந்துகொண்டு பேசலாமே. இந்த ஃபண்ட் 1872இல் தொடங்கப்பட்டது. இந்தியன் வங்கி 1907இலும் ரிசர்வ் வங்கி 1935இலும்தான் வந்தன. டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை என்ற புகாரில் 2024 ஆகஸ்டில் ஃபண்டின் தலைவர் கைது செய்யப்பட்டபோது அதற்கு வயது 152. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. யார் குற்றவாளி என்பதை அங்கே முடிவு செய்யட்டும். ஆனால் டெபாசிட் போட்டவர்கள் மீதான தீர்ப்பை மட்டும் நாம் ஏன் இவ்வளவு அவசரமாக எழுதிவிட்டோம்? மாதம் 30 விழுக்காடு வரை வட்டி தருவதாகச் சொன்ன ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தையும், நான்கு தலைமுறைகள் பார்த்த ஒரு நிதி நிறுவனத்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துப் பேசும் ஒருவரை நிபுணர் என்று எப்படி அழைப்பது?

'நிதி' என்றும் 'ஃபண்ட்' என்றும் அழைக்கப்படும், உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கி அவர்களுக்கே கடன் கொடுக்கும் இந்த நிறுவனங்கள் சென்னையில் பேராசையிலிருந்து பிறக்கவில்லை, கடன் தொல்லையிலிருந்து பிறந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசு அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் பெருகினார்கள். கல்யாணமோ காரியமோ வந்தால் அவர்கள் வட்டிக்கடைக்காரரிடம்தான் போக வேண்டும். ஒருமுறை போனால் மீள்வது கடினம். அவர்களே கூடி, மாதச் சந்தா கட்டி, சேர்ந்த பணத்தைத் தங்களில் தேவைப்பட்டவருக்கு நகையின் பேரிலோ வீட்டின் பேரிலோ கடனாகக் கொடுத்துக்கொண்டார்கள். தொடக்க கால ஃபண்டுகள் சில ஆண்டுகள் நடந்து, கணக்கு முடித்து, பணத்தைப் பிரித்துக்கொடுத்துக் கலைந்துவிடும். கலையாமல் தொடர்ந்து நடப்பவை பிறகு வந்தன. விவசாயக் கடன் வங்கிகளைப் பற்றி ஆராய்வதற்காக மதராஸ் அரசு நியமித்த ஃபிரெடெரிக் நிக்கல்சன், 1895இலும் 1897இலும் வெளியான தம் அறிக்கையில் இந்த நிதிகளைப் பற்றி விரிவாக எழுதினார். ஐரோப்பாவின் கூட்டுறவு வங்கிகளைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே மதராஸ்காரர்கள் சிக்கனத்துக்கான அமைப்பொன்றை உருவாக்கியிருந்தது கவனிக்கத்தக்கதாகப் பட்டது. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1904இல்தான் வந்தது.

என் தாத்தா ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். மந்தைவெளியில் அவர் கட்டிய வீடு ஒரு ஃபண்ட் கடனில் எழுந்தது. வீட்டுக் கடனுக்கென்றே ஹெச்.டி.எஃப்.சி. தொடங்கப்பட்டது 1977இல், அதற்கு முன்பு சம்பளக்காரர் ஒருவர் வீடு கட்டப் பணம் புரட்டும் வழிகள் மிகச் சில. மூலப் பத்திரத்தை ஒப்படைத்து, வில்லங்கச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனதை அவர் வயதான பிறகும் விவரமாகச் சொல்வார். வீட்டின் மதிப்பில் பாதிக்கு மேல் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். மேலே கேட்டுப் பார்த்தபோது, ஃபண்டின் செயலாளர், "உங்களுக்குக் கொடுப்பது உங்கள் அண்டைவீட்டுக்காரர் பணம் சார்" என்றாராம். கடன் அடைந்து பத்திரம் திரும்பி வந்த நாளில் அதைப் பூஜை அறையில் வைத்துவிட்டுத்தான் பீரோவில் பூட்டினார். அதே கவுண்டரில் பாட்டி வளையல்களை அடகு வைத்து அத்தையின் கல்யாணத்தை நடத்தினார். என் பெயரில் ஒரு தொடர் வைப்புக் கணக்கும் இருந்தது. அந்தச் சின்னப் புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கிவர என்னைத்தான் அனுப்புவார்கள். இந்தக் குடும்பத்தில் பேராசை எங்கே இருக்கிறது என்று அந்த நிபுணர் காட்டட்டும்.

வங்கியில் போட்டிருக்கலாமே, ஏன் அங்கே போட்டார்கள் என்று கேட்பவர்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன். தேசியமயமாக்கப்பட்ட வங்கியைவிட இரண்டரை விழுக்காடு கூடுதல் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து லட்ச ரூபாய் டெபாசிட்டுக்கு அது ஆண்டுக்கு 12,500 ரூபாய், மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். ஓய்வூதியம் இல்லாத ஒரு விதவைக்கு அது மருந்துக்கடைச் செலவு. அதைப் பேராசை என்று சொல்பவர்கள் தங்கள் பரஸ்பர நிதி முதலீட்டில் ஆண்டுக்கு 15 விழுக்காடு எதிர்பார்ப்பதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்? அது திட்டமிடல், இது பேராசை. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு செய்தால் அறிவு, மாட வீதியில் வரிசையில் நின்று செய்தால் ஆசை. இந்தப் பாகுபாடு எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அந்த வட்டியும் சட்டம் அனுமதித்த வட்டிதான். 'நிதி' வகை நிறுவனங்களுக்கான 2014ஆம் ஆண்டு விதிகள், வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த உச்சவரம்புக்கு மேல் வட்டி தரக்கூடாது என்கின்றன. அந்த வரம்பு ஆண்டுக்கு 12.5 விழுக்காடு. டெபாசிட் கேட்டு விளம்பரம் செய்யக்கூடாது, ஆள்பிடிப்பவருக்குத் தரகு கொடுக்கக்கூடாது, உறுப்பினர் அல்லாதவரிடம் வாங்கவோ அவருக்குக் கொடுக்கவோ கூடாது, ஈடு இல்லாமல் கடன் கொடுக்கக்கூடாது. விதிக்குள் இருக்கிறது என்று அரசே அங்கீகரித்த இடத்தில் பணம் போட்டவர் எப்படிப் பேராசைக்காரர் ஆவார்?

இவை மேல்சாதியினரின் மன்றங்கள்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். தொடக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று பணம் போய் நிற்பவர்களில் எல்லோரும் இருக்கிறார்கள், அவர்களின் சாதியைக் கேட்டுவிட்டுத்தான் இரக்கப்படுவேன் என்றால் நான் மேற்கொண்டு பேசுவதற்கு ஒன்றுமில்லை.

இன்னொருவர், ஆண்டறிக்கையைப் படித்திருக்க வேண்டாமா என்று கேட்கிறார். இதற்குத்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது. 2000ஆம் ஆண்டையொட்டிச் சென்னையில் சில ஃபண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளாடியபோது என் அத்தை அவற்றில் ஒன்றில் பணம் போட்டிருந்தார். எந்த ஃபண்ட் என்பது இப்போது தேவையில்லை. அவர் கணக்குப்பதிவியல் படித்தவர், ஆண்டறிக்கையைப் பென்சிலால் கோடிட்டுப் படிப்பவர். அந்த அறிக்கையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் சரியாக இருப்பதாகத் தணிக்கையாளர் கையெழுத்திட்டிருந்தார். முதிர்வுத் தொகையைக் கேட்டுப் போன அத்தையிடம் அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். பிறகு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். பிறகு கதவு பூட்டியிருந்தது. பணம் போனதைவிட, 'படித்தவள் நீயே இப்படி ஏமாறலாமா' என்று உறவினர்கள் கேட்டதுதான் அவரை முடக்கிப்போட்டது. கடைசிவரை அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதைத் தவிர்த்தார். அந்த நிபுணர் பேசியபோது எனக்கு அந்த உறவினர்களின் குரல்தான் கேட்டது.

அந்த நெருக்கடிக்குப் பின் மத்திய அரசு, தமிழ்நாட்டின் முன்னாள் தலைமைச் செயலாளர் பி. சபாநாயகம் தலைமையில் ஒரு குழு அமைத்தது. ஃபண்டின் சொந்தப் பணத்தைப் (மூலதனம், சேர்த்த லாபம்) போல் 20 மடங்குக்கு மேல் டெபாசிட் வாங்கக்கூடாது, டெபாசிட்டில் 10 விழுக்காட்டை யாருக்கும் ஈடு வைக்காமல் வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைத்திருக்க வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகள் இன்றைய விதிகளிலும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் டெபாசிட்தாரர்களின் நலனைக் காக்கும் சட்டம் 1997லிருந்தே இருக்கிறது. 1906இல் அர்பத்நாட் வங்கி விழுந்து மதராஸின் பல குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தபோது, வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்ற மயிலாப்பூர் வழக்கறிஞர்கள் கூடி இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அதற்கு நூறாண்டுகளுக்குப் பிறகு, இத்தனை சட்டங்களையும் கையில் வைத்துக்கொண்டு நாம் செய்வது டெபாசிட் போட்ட கிழவியைத் திட்டுவது.

ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துதானே போட்டார்கள் என்பதிலும் பாதிதான் உண்மை. வங்கி டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு, நிதி நிறுவனத்துக்கு அது கிடையாது. இதை அவர்களில் பலர் அறிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறியாமை வேறு, பேராசை வேறு. அப்பா போட்ட இடத்தில் மகள் போட்டாள், வட்டி மாதாமாதம் தவறாமல் வந்தது, கவுண்டரில் இருந்தவருக்கு இவள் பெயர் தெரியும். நம்புவதற்கு இதைவிட வேறு என்ன சான்று அவளிடம் இருந்திருக்க முடியும்?

அந்த விவாதத்தில் யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு நிதி நிறுவனம் தன்னிடம் உள்ள டெபாசிட் 50 கோடியைத் தாண்டினாலும்கூட, ஓர் உறுப்பினருக்கு 15 லட்சத்துக்கு மேல் கடன் கொடுக்கக்கூடாது என்று விதி சொல்கிறது. வேறொரு நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பதற்கு முற்றிலும் தடை. அப்படியென்றால் கோடிக்கணக்கான பணம் அங்கிருந்து எந்த வழியாக வெளியே போயிருக்க முடியும்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிதி நிறுவனங்கள் நிறுவனப் பதிவாளரிடம் என்.டி.எச்.-3 என்ற அரையாண்டு அறிக்கைப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தொழில்முறைச் சான்றாளர் ஒருவர் அதில் கையெழுத்திட வேண்டும். அந்தப் படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் யார், அவற்றை வாங்கி வைத்துக்கொண்ட அலுவலகத்தில் அவற்றைப் பிரித்துப் படித்தவர் யார் என்று அந்த நிபுணர் கேட்டிருக்கலாம். நெறியாளராவது கேட்டிருக்கலாம். அவர்களுக்கு நேரம் இல்லையென்றால், துணுக்கைப் பகிர்ந்த என் நண்பர்களே, நீங்கள் கேளுங்கள். எழுபது வயதைத் தாண்டிய டெபாசிட்தாரர்களுக்கு, வழக்கில் முடக்கப்பட்ட சொத்துகளிலிருந்து முதலில் பணம் கொடுங்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.